மழை வேண்டலும் மாமருத்துவர் மூஸா இப்னு மைமூனும்

முன்னுரை

உழுதுண்டு வாழும் மக்களுக்கு வானமே முதற்செல்வம். வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தமை இவ்வுண்மையை உணர்ந்தே எனலாம். மடுகரையிலும் பாகூரிலும் வில்லியனூரிலும் நெல்லும் கரும்பும் பயிரிட்டு வாழும் நம்மவர்க்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மடு, கரை என்னும் இரண்டு சொற்களும் நீரைச் சார்ந்தவையே. ஊரின் பெயரிலேயே நீரை வைத்துக்கொண்ட மக்கள், ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தால் வானத்தை நோக்கிக் கையேந்துகின்றனர். கோயிலில் ஒரு முறை, மாதா கோயிலில் ஒரு முறை, பள்ளிவாசலை அடுத்த திடலில் ஒரு முறை என முறைகள் வேறுபடினும் வேண்டுகோள் ஒன்றே.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இயற்கைக்கு இறைவன் ஓர் ஒழுங்கை வகுத்துள்ளான். கடல் ஆவியாகிறது, காற்று திரும்புகிறது, மேகம் பொழிகிறது. அவ்வாறாயின் மனிதன் வேண்டுவதால் அவ்வொழுங்கு மாறுமோ? மாறாதெனில் வேண்டுவது எதற்கு? மாறுமெனில் உழைப்பும் அறிவியலும் எதற்கு? சமயங்கள் அனைத்தும் எதிர்கொண்ட இவ்வினாவை, யூத சமயத்துள் நின்று, இசுலாமிய நாகரிகத்தின் அறிவொளியில் வளர்ந்து, வாழ்நாள் முழுதும் சிந்தித்த பேரறிஞர் ஒருவர் உண்டு. அரபு மக்கள் அவரை மூஸா இப்னு மைமூன் என்பர். ஐரோப்பியர் மைமோனிடிஸ் என்பர். யூதர்கள் ரம்பம் எனச் சுருக்கி அழைப்பர். நூல்களாலும் துயரத்தாலும் இவ்வினாவுக்கு விடை தேடிய அவர்தம் வரலாற்றை நம் மாணவர்கள் அறிதல் நலம் பயக்கும்.

பிறப்பும் இளமையும்

மூஸா இப்னு மைமூன் 1138ஆம் ஆண்டு அந்தலூசிய நாட்டுக் குர்துபா நகரில் பிறந்தார். 1135 என்பாரும் உளர். தத்துவ மேதை இப்னு ருஷ்து 1126இல் பிறந்ததும் இதே நகரில்தான். தந்தையார் மைமூன் யூதர்களின் சமய நீதிபதி. வேதக் கல்வியைத் தந்தையிடமே பெற்ற மைந்தர், கணிதம், வானியல், தருக்கம், மருத்துவம் ஆகியவற்றை அரபு நூல்களின் வாயிலாகக் கற்றுத் தேர்ந்தார். அல்-ஃபாராபியின் தருக்க நூல்களைப் பிற்காலத்தில் அவர் மிகவும் போற்றிப் பேசியதையும் காண்கிறோம்.

1148இல் முவஹ்ஹிதூன் எனப்பட்ட வடஆப்பிரிக்க அரச மரபினர் குர்துபாவைக் கைப்பற்றினர். பிற சமயத்தார்க்கு அதுவரை இருந்துவந்த பாதுகாப்பு அவர்கள் ஆட்சியில் நீங்கியது. சமயத்தைக் கைவிடுக, அன்றேல் நாட்டைக் கைவிடுக என்னும் நிலை வந்தது. மைமூனின் குடும்பம் ஊர் ஊராக அலைந்து, 1160ஆம் ஆண்டையொட்டி மொரோக்கோவின் ஃபாஸ் நகரை அடைந்தது. வரலாற்றை மறைத்தல் நன்றன்று. ஒரு முஸ்லிம் அரசு அவரை விரட்டியது; வேறொரு முஸ்லிம் அரசு அவரை அணைத்து உயர்த்தியது. இரண்டும் உண்மை.

கடலில் ஒரு புயல்

1165ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அக்குடும்பம் கப்பலேறியது. யூதர்களின் ஐயார் மாதம் நான்காம் நாள் இரவு புறப்பட்ட கப்பலைப் பத்தாம் நாள் சனிக்கிழமை பெரும்புயல் தாக்கியது. மூழ்கிவிடுவோம் என்றே அனைவரும் அஞ்சினர். அந்நேரத்தில் மூஸா ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். புறப்பட்ட நாளிலும் புயல் வந்த நாளிலும் தாமும் தம் வழித்தோன்றல்களும் நோன்பிருந்து தருமம் செய்வதென்பது அந்நேர்ச்சை. புயல் நாளில் மட்டும் எவரையும் காணாது தனித்திருந்து இறைவனை வணங்குவதெனவும் உறுதி பூண்டார். நடுக்கடலில் இறைவனைத் தவிர வேறு துணையைத் தாம் காணவில்லை; ஆதலின் அந்நாளில் இறைவனைத் தவிர வேறு எவரோடும் இருக்க விரும்பவில்லை என்பது அதற்கு அவர் கூறிய காரணம். சீவான் மாதம் மூன்றாம் நாள் கப்பல் அக்கா துறைமுகத்தை நலமே அடைந்தது. அவ்வாண்டிலேயே ஆபத்து மிகுந்த வழியில் ஜெருசலேம் சென்று வழிபட்டபின், எகிப்தை அடைந்து, கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத் நகரில் குடியேறினார்.

இயற்கையின் ஒழுங்கைப் பற்றி நுட்பமாக எழுதிய அறிஞர், தாம் புயலில் சிக்கியபோது வேண்டுதலை ஒதுக்கிவிடவில்லை என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். இப்பயணங்களின் இடையேயும் அவர்தம் எழுதுகோல் ஓயவில்லை. மிஷ்னா எனும் யூத சட்டத் தொகுதிக்குத் தாம் எழுதிய உரையின் சில பகுதிகளை வழிப்பயணத்திலும் கப்பலிலும் இருந்து எழுதியதாக அவரே குறித்துள்ளார். அரபு மொழியில் அமைந்த அவ்வுரை 1168இல் நிறைவுற்றது.

இந்தியக் கடல் கொண்ட தம்பி

எகிப்தில் குடும்பத்தைத் தாங்கியவர் தம்பி தாவூத். அவர் மணிக்கற்களும் பிற பண்டங்களும் வாங்கி விற்ற வணிகர். அண்ணன் கவலையின்றி நூல் ஆராயத் தம்பி பொருள் தேடினார். அக்காலத்தில் செங்கடலின் ஐதாப் துறையிலிருந்து ஏடன் வழியாக மலபாருக்குக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. ஃபுஸ்தாத் நகர யூத ஆலயத்தின் பழஞ்சுவடி அறையில் கிடைத்த வணிகர் மடல்கள் இவ்வணிகத்தை நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன.

அவற்றுள் தாவூத் தம் அண்ணனுக்கு ஐதாபிலிருந்து எழுதிய மடலும் ஒன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் அஃது இன்றும் பாதுகாக்கப்படுகின்றது. பெருங்கூட்டத்தோடு செல்லாமல் ஒரே ஒரு துணைவருடன் பாலைவனத்தைக் கடந்த துணிச்சலை அதில் தாவூத் கூறுகிறார். துறைமுகத்தில் அவுரி நீலத்தைத் தவிர வாங்குதற்குரிய சரக்கு ஏதும் இல்லை; ஆதலின் இந்தியாவுக்கே செல்வதெனத் துணிந்துவிட்டதாகத் தெரிவிக்கிறார். வீட்டிலுள்ள பெண்களுக்கு ஆறுதல் கூறுமாறு வேண்டுகிறார். பாலைவனத்தில் தன்னைக் காத்த இறைவன் கடலிலும் காப்பான் என்று எழுதுகிறார்.

அவர் மீளவில்லை. இந்தியப் பெருங்கடலில் கப்பல் மூழ்கியது. அண்ணன் பொருளும், தம் பொருளும், நம்பிக் கொடுத்த பிறர் பொருளும் அவரோடு போயின. இளம் மனைவியும் சிறு பெண்மகவும் மூஸாவின் பொறுப்பில் விடப்பட்டனர். செய்தி கேட்ட மூஸா காய்ச்சலும் கட்டியும் உற்று ஏறத்தாழ ஓராண்டு படுக்கையில் கிடந்தார். உயிர் பிழைப்பதே அரிதாயிற்று. எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் தம்பியின் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சம் புரண்டு துயரம் மீண்டும் எழுவதாக அக்கா நகர நண்பர் ஒருவருக்கு அவர் எழுதியுள்ளார். மடியில் வைத்து வளர்த்த தம்பி, தம் மாணவனும் ஆவான் என அம்மடலில் உருகுகின்றார்.

ஒரு கடலில் வேண்டுதலுக்குப் பின் உயிர் தப்பியவர், மறுகடலில் இறைவனை நம்பிச் சென்ற தம்பியை இழந்தார். வேண்டுதலும் இயற்கையும் பற்றிய வினா அவருக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. வீட்டினுள் நுழைந்த வினாவாயிற்று.

மருத்துவரும் தலைவரும்

குடும்பத்தைக் காக்க மூஸா மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். சமயக் கல்வியை விற்று உண்பதை அவர் ஏற்கவில்லை. 1171இல் ஃபாத்திமிய ஆட்சி முடிவுற்றுச் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் ஆட்சி நிலைபெற்றது. சுல்தானின் பேரமைச்சரும் சிறந்த அரபு உரைநடையாளருமான அல்-காழீ அல்-ஃபாழில் இவர்தம் திறமையை மதித்து ஆதரித்தார். பின்னர்ச் சுல்தானின் மைந்தர் அல்-அஃப்ழலுக்கும் மருத்துவரானார். அவருக்காகவே உடல்நலம் பேணும் நெறி குறித்து அரபியில் ஒரு நூல் எழுதினார். ஈளை நோய், நஞ்சு முறிவு முதலியன பற்றியும் நூல்கள் செய்தார். எகிப்திய யூதர்களின் தலைவர் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

1199இல் தம் நூலை மொழிபெயர்க்க முனைந்த அறிஞருக்கு எழுதிய மடலில் தம் அன்றாட வாழ்வை அவர் விவரிக்கிறார். நாள்தோறும் காலையில் கெய்ரோ அரண்மனைக்குச் செல்வார். நண்பகலுக்குப் பின் பசியோடு வீடு திரும்பினால் முஸ்லிம்களும் யூதர்களும், செல்வரும் எளியோரும், நீதிபதிகளும் காவலர்களும் கூடத்தை நிறைத்திருப்பர். அவர்களிடம் பொறுத்தருள வேண்டிச் சிறிது உண்டபின் இரவு வெகுநேரம்வரை மருந்து எழுதுவார். களைப்பு மிகுந்து மல்லாந்து படுத்த நிலையிலும் நோயாளரோடு பேசுவார். இத்தகைய உழைப்பின் நடுவில்தான் அவர்தம் பெருநூல்கள் எழுந்தன.

பதினான்கு பகுதிகளாக எபிரேய மொழியில் அமைந்த மிஷ்னே தோரா எனும் சட்டப் பெருந்தொகுப்பு 1180ஆம் ஆண்டையொட்டி நிறைவுற்றது. மயங்குவோர்க்கு வழிகாட்டி எனப் பொருள்படும் தலாலத்துல் ஹாயிரீன் எனும் தத்துவ நூலை 1190ஆம் ஆண்டையொட்டி அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதி முடித்தார்.

மழைக்காக நோன்பு

யூத சமயத்தில் மழை வேண்டல் தொன்மையான வழக்கு. மிஷ்னாவில் நோன்புகளைக் கூறும் தஅனீத் எனும் பகுதி பெரிதும் இதனைப் பற்றியே அமைந்துள்ளது. ஓனி என்னும் அடியவர் தரையில் வட்டம் வரைந்து அதனுள் நின்று, மழை பெய்யாமல் வெளியேறேன் எனப் பிடிவாதம் செய்த கதை அதில் வருகின்றது. முதலில் துளித்தது, பின் சீறியது, பின் அளவாகப் பொழிந்தது என்பர். அதே மரபில் ஓனியின் செயலைக் கடிந்துகொண்ட பெரியவரின் சொல்லும் பதிவாகியுள்ளது. திருடிய விதை முளைக்காமற் போவதே முறையாயினும் உலகம் தன் வழக்கப்படியே நடக்கின்றது என்னும் கருத்தைத் தல்மூத் பேசுகின்றது. அற்புதத்தை நாடும் நெஞ்சமும் இயற்கை ஒழுங்கை ஏற்கும் அறிவும் அம்மரபில் அருகருகே நின்றன.

இவ்வனைத்தையும் மூஸா தம் சட்டத் தொகுப்பில் ஒழுங்குபடுத்தினார். பாலஸ்தீனத்தின் மழைக்காலம் நம் வடகிழக்குப் பருவமழையைப் போன்றே இலையுதிர் காலத்தில் தொடங்குவது. நம் ஐப்பசியை ஒட்டி வரும் மர்ஹெஷ்வான் மாதம் பதினேழாம் நாள் வரை மழை வராவிடின் முதலில் கற்றோர் மட்டும் மூன்று நாள் நோன்பிருப்பர். அடுத்த மாதப் பிறை தோன்றியும் வராவிடின் ஊர் முழுவதற்கும் மூன்று நோன்பு, பின்னும் மூன்று, அதன் பின்னும் ஏழு. ஆக ஊரார்க்குப் பதின்மூன்று நோன்புகள். கற்றவர்கள் முதலில் தம்மை வருத்திக்கொண்ட பின்னரே பாமரரை வருத்த வேண்டும் என்னும் நயத்தை இதில் காண்கிறோம்.

நோன்பு நாளின் நிகழ்ச்சி நிரல் இன்னும் சிந்திக்கத் தக்கது. காலை வழிபாட்டுக்குப் பின் நண்பகல் வரை வேண்டுதல் இல்லை. நீதிமன்றத்தாரும் முதியோரும் ஆலயத்தில் அமர்ந்து ஊரின் நடத்தையை ஆராய்வர். வன்முறையும் அநீதியும் நிகழ்ந்துள்ளனவா என விசாரிப்பர். பிறரை ஒடுக்கும் வல்லாரைப் பணிய வைப்பர். எஞ்சிய பொழுதின் முற்பாதி வேதம் ஓதுதற்கு, பிற்பாதியே வேண்டுதலுக்கு. சாக்குத் துணியும் பட்டினியும் பயனளியா. மனந்திருந்துதலும் நற்செயலுமே பயனளிக்கும் என முதியவர் ஒருவர் எழுந்து மக்களுக்கு உரைப்பார். வானத்தை நோக்கிக் கையுயர்த்துமுன் தத்தம் கையைப் பார்த்துக்கொள்க என்பதே இதன் பொருள்.

இசுலாமியர் மழைத் தொழுகையை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. எளிய உடையில் பணிவுடன் திடலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுது, குத்பா கேட்டு, மேலாடையைத் திருப்பிப் போட்டுத் துஆ செய்யும் முறை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையாகும். அதற்கு முன்னர்த் தவ்பா செய்யவும், தருமம் வழங்கவும், அபகரித்த பொருளை உரியவரிடம் சேர்க்கவும் மக்களை ஏவுதல் வேண்டும் எனச் சட்ட வல்லார் வகுத்துள்ளனர். இரு சமயத்துச் சான்றோரும் ஒரே வாயிலின் வழியே நுழைவதைக் கண்டு நாம் மகிழலாம்.

எது வேண்டலாம், எது வேண்டலாகாது

வேண்டுதலுக்கும் எல்லை உண்டு என்பதை மூஸா தெளிவுபடுத்தினார். நடந்து முடிந்ததை மாற்றுமாறு வேண்டுவது வீண் வேண்டுதல். ஊருக்குள் நுழைகையில் அழுகுரல் கேட்டு, அஃது என் வீட்டினதாக இருத்தலாகாது என வேண்டுவோர் வீணே வேண்டுகின்றனர் என்னும் பழைய விதியை அவர் தம் தொகுப்பிலும் சேர்த்தார். அழுகுரல் எந்த வீட்டிலிருந்து எழுந்ததோ அவ்வீட்டிலிருந்தே எழுந்துவிட்டது. நம் வீட்டை விலக்கிப் பிறர் வீட்டைக் காட்டுவது அறமும் ஆகாது.

மழைக்கான வேண்டுதலும் பருவத்தோடு பிணைக்கப்பட்டது. கோடையில் அங்கே மழை வேண்டுவதில்லை. பனி மட்டுமே வேண்டுவர். தொலைதூரத் தீவுகள் போலக் கோடையில் மழை தேவைப்படும் நாட்டினர் தமக்குரிய காலத்தில் வேண்டிக்கொள்ளலாம் என மூஸா விதித்தார். ஒரு நாட்டின் நாட்காட்டியை மறுநாட்டின் வயலில் திணிக்கலாகாது என்னும் நுண்ணறிவு இதில் விளங்குகின்றது. வேண்டுதல் இயற்கையோடு மல்லுக்கு நிற்பதன்று. இயற்கையின் காலத்தை அறிந்து அதனோடு ஒழுகுவது.

மழை மிகுந்தாலோ? மலைப்பாங்கான, கல்வீடுகள் நிறைந்த பாலஸ்தீனத்தில் மிகுமழை நன்மையே. அதனை நிறுத்துமாறு வேண்டுவதில்லை. ஆனால் வீடுகள் இடிந்து வாழ்வோர்க்கே கல்லறையாகிவிடும் இடங்களில் அதைவிடப் பெருந்துயர் இல்லை. ஆங்கே மழை நீங்க வேண்டலாம் என்பது அவர் விதி. மண்சுவரும் கூரையும் கொண்ட வீடுகளில் மழைக்காலம் கழித்தவர்களுக்கு இவ்விதியின் கருணை நன்கு விளங்கும்.

மற்றொரு விதி மேலும் உயர்ந்தது. ஓய்வுநாளில் ஊதுகொம்பு ஊதுவது தடுக்கப்பட்டது. கடலில் கப்பல் தத்தளித்தாலும், தனியொருவனைக் கொடியவர் துரத்தினாலும், அந்நாளில் இறைவனிடம் முறையிடலாம், கொம்பு ஊதலாகாது. ஆயின் உதவிக்கும் மீட்புக்கும் மக்களைத் திரட்டுதற்காகக் கொம்பு ஊதலாம் என்றார். முறையீடு இறைவனுக்கு, கொம்பொலி அயலாருக்கு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறப்பவன் வேண்டுதலின் பொருளை அறியாதவன். இவ்விதியின் வேர் பழைய மிஷ்னாவில் உண்டு; எனினும் தம்பியின் கப்பல் மூழ்கிய கதையை அறிந்த நாம் இதனைப் படிக்கையில் நெஞ்சு கனக்கின்றது.

இயற்கையும் அற்புதமும்

தத்துவ நூலில் மூஸா மேலும் ஆழச் செல்கிறார். உலகம் நிலையான இயல்புகளோடு படைக்கப்பட்டது. இலை உதிர்வதும், சிலந்தி ஈயைப் பிடிப்பதும் இயற்கையின் போக்கே. அற்புதங்களைப் பற்றிய பழைய விளக்கம் ஒன்றை அவர் தம் மிஷ்னா உரையில் மேற்கொண்டார். மூஸா நபி (அலை) அவர்களுக்காகச் செங்கடல் பிளந்தது கூட, படைப்பின்போதே நீரின் இயல்பில் குறித்து வைக்கப்பட்டதாகும் என்பது அவ்விளக்கம். இறைவன் இடையில் மனம் மாறினான் என்னாமல், தொடக்கத்திலேயே அறிந்து அமைத்தான் என இதனால் கொள்ளலாயிற்று.

இவ்வாறு கருதியவர் துன்பம் வரும்போது வேண்டுதலை விட்டுவிடலாம் என்றாரோ? இல்லை. ஊருக்குத் துன்பம் வந்தால் இறைவனிடம் முறையிடுவது கட்டாயக் கடமை என்றார். இஃது உலக இயல்பு, தற்செயலாக நேர்ந்தது எனக் கூறிக் கைகட்டி இருத்தல் கொடுமையின் வழி என்று கடுஞ்சொல்லால் கண்டித்தார். தற்செயல் என்றவன் தன் தவற்றைத் தேடமாட்டான். தவற்றைத் தேடாதவன் திருந்தமாட்டான். ஆகவே வேண்டுதல் முதலில் மாற்றுவது வேண்டுவோனை. இறைவன் நம் நிலையை அறிகின்றான் என்னும் உணர்வை அது நெஞ்சில் நிறுத்துகின்றது. வேண்டுதல் வானத்தையும் மாற்றுமா என்பதில் மூஸாவின் உள்ளக்கருத்து யாதென அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

கப்பல் மூழ்குவதைக் குறித்தும் அந்நூலில் ஓர் எடுத்துக்காட்டு வருகின்றது. கப்பல் கவிழ்வது இயற்கை நிகழ்ச்சி. ஆனால் இன்னார் அதில் ஏறியது வெறும் தற்செயலன்று, இறைவனின் தீர்ப்புக்கு உட்பட்டது, அத்தீர்ப்பின் முறையை நம் அறிவு எட்டாது என்கிறார். தம்பியின் பெயரை அவ்விடத்தில் அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

உலகில் தீமைகளை அவர் மூவகையாகப் பிரித்தார். உடலின் இயல்பாலும் நில நடுக்கம், இடி முதலியவற்றாலும் வருவன ஒரு வகை, அவை குறைவு. மனிதர் ஒருவருக்கொருவர் செய்வன மறுவகை. மனிதன் தனக்குத்தானே இழைத்துக்கொள்வன மூன்றாம் வகை. அவையே மிகுதி என்றார்.

சோதிடமும் தாயத்தும்

இறைவனை வேண்டுவதை ஏற்றவர், கோள்களை நம்புவதை ஏற்கவில்லை. 1186இல் கோள்கள் யாவும் துலா இராசியில் கூடும். பெருங்காற்றால் உலகம் அழியும் எனச் சோதிடர் பல நாடுகளில் அச்சமூட்டினர். அந்நாளோ அமைதியாகக் கழிந்தது. காற்றே வீசாததால் உழவர் தூற்றுவதற்கு வழியின்றித் தவித்தனர் என வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் பதிந்துள்ளார். பின்னர்த் தென்பிரான்சு நாட்டு யூத அறிஞர்கள் சோதிடம் பற்றிக் கேட்டபோது, அது அறிவியலன்று, மடமையே என மூஸா விடையெழுதினார். முன்னோர் போர்க்கலையைக் கற்காமல் விண்மீன் நூல்களை நம்பியதாலேயே அரசை இழந்தனர் எனவும் துணிந்து கூறினார். வாயிற்படியில் பதிக்கும் வேதச் சுருளில் வானவர் பெயர்களை எழுதித் தாயத்தாக்குவோரையும், காயத்தின்மீது வேத வசனத்தை மந்திரமாக ஓதுவோரையும் கண்டித்தார்.

மருத்துவம் செய்வது இறைநம்பிக்கைக்குக் குறைவு என்றோருக்கு அவர் அளித்த விடை எளியது. பசித்தவன் உணவு உண்டு பசி நீங்கியபின் இறைவனுக்கு நன்றி சொல்கிறான். உணவு உண்டதனால் அவன் நம்பிக்கை குறைந்ததோ? மருந்தும் அவ்வாறே என்றார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புக என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை அறிந்த நமக்கு இக்கருத்து அயலானதன்று.

மாறுபட்டோரும் மறைவும்

மூஸாவின் கருத்துகளை யூதர் அனைவரும் ஏற்கவில்லை. அடுத்த தலைமுறையில் தோன்றிய மூஸா பின் நஹ்மான் (1194-1270), இயற்கை என நாம் கருதுவன யாவும் மறைவான அற்புதங்களே என்றார். அவருக்கு ஒவ்வொரு மழைத்துளியும் இறைவனின் நேர்ச்செயல். நெருப்புப் பஞ்சை எரிப்பதும் இறைவனின் செயலே என இமாம் கஸ்ஸாலி வாதிட்டதையும், அதனை இப்னு ருஷ்து மறுத்ததையும் இவற்றோடு வைத்து எண்ணுதல் தகும். இரு மரபிலும் ஒரே வாதம் நிகழ்ந்தது. இரு பக்கத்தாரும் இறையச்சம் உடையவர்களே. 1232ஆம் ஆண்டையொட்டித் தென்பிரான்சில் மூஸாவின் தத்துவ நூலைப் படிக்கலாகாதெனத் தடை விதித்தாரும் உளர். தடைகள் மறைந்தன, நூல் நிலைத்தது.

1204ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் மூஸா இப்னு மைமூன் ஃபுஸ்தாத்தில் மறைந்தார். அவர்தம் உடல் பாலஸ்தீனத்தின் திபேரியாவில் அடக்கம் செய்யப்பட்டது என்பது மரபு. அவர்தம் ஒரே மைந்தர் இப்ராஹீம் (1186-1237) தந்தைக்குப்பின் தலைமையேற்றார். ஸூஃபியரின் ஒழுக்கத்தை வெளிப்படையாகப் போற்றி அரபியில் நூல் எழுதினார்.

முடிவுரை

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த மருத்துவர் நம் வயல்வெளிக்குச் சொல்வது யாது? 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்ததை முதியோர் மறந்திலர். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரையேறி, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதனை அடுத்துச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. மழை வேண்டிய கைகளே மழை நிற்க வேண்டின.

புயலை நாம் உண்டாக்கவில்லை; அஃது அம்மருத்துவர் கூறிய முதல் வகைத் துன்பம். ஆனால் தூர்ந்த வாய்க்காலும், பலமிழந்த ஏரிக்கரையும், நீர்வழியில் எழுப்பிய கட்டடமும் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் நீரைக் கொணரும் பங்காரு வாய்க்காலையும், ஊசுடு ஏரியையும் வெட்டியோர் மழைக்காக வேண்டாதவர் அல்லர். வேண்டினர், வெட்டவும் செய்தனர். மழைத் தொழுகைக்குத் திடலுக்குச் செல்லும் நாளின் முற்பகலில் ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்து, யார் நிலத்து வரப்பு நகர்ந்தது, எந்த வாய்க்கால் அடைபட்டது, எவர் கூலி நிலுவையில் நின்றது என விசாரித்துத் தீர்ப்பார்களாயின், அம்மருத்துவர் எழுதிவைத்த நோன்பு நாள் நம் மண்ணில் மீண்டும் நிகழ்ந்ததாகும்.

மாணவச் செல்வங்களே, வானியலும் பொறியியலும் வேளாண்மையும் கற்கின்ற நீங்கள், கற்றது வேண்டுதலுக்குப் பகையென எண்ணற்க. வேண்டுவது கல்விக்குப் பகையெனவும் எண்ணற்க. கப்பல் தத்தளிக்கும்போது இறைவனை அழைக்கும் நாவும், அயலாரை அழைக்கும் கொம்பும் ஒருவனிடமே இருத்தல் வேண்டும். இரண்டையும் வைத்திருந்த அறிஞர் மூஸா இப்னு மைமூன். அவர் வழியில் நாமும் மழைக்குக் கையேந்துவோம். ஏந்திய கையால் ஏரிக்கரையையும் செப்பனிடுவோம்.